ரீவாக்
இடுப்புக்குக் கீழ் செயலிழந்தோர் எழுந்து நடக்க உதவும் அணியும் ரோபோ. 1997இல் விபத்தில் கைகால்கள் முடங்கிய இஸ்ரேலியப் பொறியாளர் அமித் கோஃபர் உருவாக்கியது. இடுப்பு, முழங்கால் மூட்டுகளை மோட்டார்கள் இயக்கும். அணிந்தவர் உடலைச் சற்றே முன்னால் சாய்த்தால் சாய்வு உணரி அதை அறிந்து ஒரு காலை எட்டு வைக்கச் செய்யும். உட்காரவும் எழவும் மணிக்கட்டில் கட்டிய கருவியின் பொத்தானை அழுத்த வேண்டும். விழாமல் நடக்க ஊன்றுகோல்கள் கட்டாயம். ஆகவே கைகளில் வலு இருந்தாக வேண்டும். கொடுமை என்னவென்றால், கோஃபரால் இதை அணிந்து நடக்க முடியவில்லை. 2012இல் பிரிட்டனின் கிளேர் லோமாஸ் இதனுடன் லண்டன் மாரத்தான் தூரத்தை இரண்டு வாரங்களுக்கு மேல் நடந்து முடித்தார். 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வீட்டுப் பயன்பாட்டுக்கு அனுமதித்தது. பயிற்சி பெற்ற துணையாள் உடனிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.