பேட்டரி ரூம் லாக் புக்

மணிமங்கலம் என்றால் 7ஆம் நூற்றாண்டில் பல்லவ நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற போரைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நான் இந்த ஊரிலிருந்து ஒரகடத்துக்கு ஷிப்டுக்குப் போகும் யுபிஎஸ் டெக்னீஷியன். என் தொழிலுக்கும் ஒரு வரலாறு உண்டு.

அது கணினியோடு தொடங்கவில்லை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தொடங்கியது. இரண்டு வோல்ட் செல்கள் 24 சேர்ந்தால் 48 வோல்ட். ஊரே இருண்டாலும் போன் பேசியது அதனால்தான். என் பெரியப்பா அப்படியொரு பேட்டரி ரூமில் வேலை பார்த்தார். ஹைட்ரோமீட்டரால் ஆசிட்டின் அடர்த்தியை அளப்பார், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார், லாக் புக்கில் எழுதுவார். "இன்னைக்கு ரீடிங்கை மட்டும் பாக்காதடா, போன மாசத்தோட சேர்த்துப் பாரு" என்பார்.

1973இல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370 கணினி வந்தது. கணினிக்கு பேட்டரி மட்டும் போதாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க்கில் உள்ள தகவல் கெடும். பேட்டரி தீரப்போகிறது என்பதை முன்கூட்டியே அதற்குச் சொல்ல வேண்டும். பின்னாளில் யுபிஎஸ்ஸிலிருந்து கணினிக்கு சீரியல் கேபிள் வந்தது அதற்காகத்தான்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் என்று ஆலைகள் பெருகின, சர்வர் ரூம்களும் பெருகின. 2008 நவம்பரில் உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தது. 2012இல் நிலைமை இன்னும் மோசம். ஜெனரேட்டர் லோடு எடுக்கும்வரை தாங்குவது யுபிஎஸ்தான். அதற்குள் பேட்டரிகள் சீல் வைத்தவையாக மாறியிருந்தன. ஹைட்ரோமீட்டர் விட வழியில்லை. 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்ற எழுத்தை நம்பிப் பல இடங்களில் லாக் புக்கையே மூடிவிட்டார்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி வெப்பத்துக்கும் அந்த பேட்டரியின் ஆயுள் பாதியாகும். நம் ஊர் வெயில் அப்படிப்பட்டது.

பல சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டரில் ஒரே யுபிஎஸ், ஆனால் கேபிள் ஒரு சர்வருக்குத்தான். அந்த சர்வர் நெட்வொர்க் வழியே மற்றவற்றுக்குச் சொல்லி, எல்லாம் அணைந்தபின் தானும் அணையவேண்டும். ரஸ்ஸல் க்ரோல் 1990களில் தொடங்கிய 'நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ்' என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் யுபிஎஸ் இணைப்பு கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் செய்தியே போய்ச் சேராது.

ஒரு ஆலையில் யுபிஎஸ்ஸின் திரை 100 சதவீதம் சார்ஜ் என்று காட்டியது. கரண்ட் போன சில நொடிகளில் எல்லா சர்வர்களும் விழுந்தன. தொடராக இணைத்த 16 பேட்டரிகளில் ஒன்று செத்திருந்தது. சார்ஜில் இருக்கும்போது நல்ல வோல்டேஜ் காட்டும் பேட்டரி, லோடு ஏறியதும் படுத்துவிடும்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: திரை இருக்கட்டும், லாக் புக்கைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு பேட்டரியின் உள்மின்தடையையும் தேதியோடு எழுதுங்கள். மழைக்காலத்துக்கு முன்பு, நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, நீங்களே மெயினை அணைத்துச் சோதித்துவிடுங்கள்.