முப்பது மணி நேரப் படிப்பு

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: நான் டாக்டர் கிடையாது. கணக்கு எழுதுற ஆள். பழசைத் தோண்டுறது பொழுதுபோக்கு, அவ்வளவுதான். முதுகுவலிக்கு மருந்து கேட்டு யாரும் மெயில் அனுப்பாதீங்க மக்களே :-)

வேம்பார்னு சொன்னதும் எல்லாரும் முத்துக்குளிப்புதான் கேப்பாங்க. ஆனா எங்க ஊருக்கு ஒரு பக்கம் கடல்னா இன்னொரு பக்கம் பனங்காடு. பதனீர் சீசன்ல காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைன்னு ஒவ்வொரு மரமா ஏறி இறங்கணும். காலுக்குத் தளைநார், இடுப்புல அருவாப்பெட்டி. வேற பிடிமானம் எதுவும் கிடையாது.

1989-ல எங்க சித்தப்பா ஒருத்தர் (சொந்தம் இல்ல, முறைக்குச் சித்தப்பா) மரத்துல இருந்து விழுந்தார். எனக்கு அப்போ பதினோரு வயசு. விடிலியில இருந்து அப்பாவும் இன்னொருத்தரும் ஓடுனாங்க. அப்பா கக்கத்துல கை கொடுத்துத் தூக்க, மத்தவர் காலைப் பிடிக்க, கயித்துக் கட்டில்ல போட்டு ரோட்டுக்குக் கொண்டு வந்தாங்க. 108 எல்லாம் தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008-லதான். ஒரு மீன் வண்டியை நிறுத்தித்தான் ஏத்தி விட்டாங்க.

மூணு மாசம் கழிச்சு வீட்டுக்கு வந்தார். இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. "இனிமே செய்றதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்ல வச்சுப் பாத்துக்குங்க"ன்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பிட்டாங்க. எப்படிப் பாத்துக்கணும்னு யாரும் சொல்லித் தரல. சித்தி வேப்பிலை அரைச்சுப் போட்டுப் பாத்தாங்க. படுக்கைப் புண் எலும்பு வரைக்கும் போயிட்டு. ரெண்டாவது வருஷம் மழைக்கு முன்னாடி போய்ச் சேந்துட்டார்.

"நாந்தாம்லே கக்கத்துல கை குடுத்துத் தூக்குனேன்"னு அப்பா ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கார். அதுக்கு மேல அந்தப் பேச்சை எடுத்ததில்ல.

சில வருஷம் முன்னாடி முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ஊருக்கு வந்துக்கிட்டு இருந்தேன். எதிர் பெர்த்துல ஒரு டாக்டர், முதுகெலும்பு சர்ஜன். சென்னையில ரெண்டு நாள் கோர்ஸ் முடிச்சுட்டு சர்ட்டிபிகேட்டோட திரும்புறார். வயசு ஐம்பதுக்குக் கிட்ட இருக்கும். "எம்பிபிஎஸ் முடிச்சு, எம்எஸ் முடிச்சு, இத்தனை வருஷம் ஆபரேஷனும் பண்ணியாச்சு. இன்னும் என்ன சார் கோர்ஸ்?"னு கேட்டுட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "நான் எம்எஸ் படிச்சப்போ சொல்லிக் குடுத்ததுல பாதியை மறக்கணும்ல, அதுக்குத்தான்"னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தோண்டினதுதான் இந்தப் பதிவு.

நம்ம நாட்டுல டாக்டருக்குக் கட்டாயம்னு இருக்கிறது ரொம்ப சின்னப் படிப்பு. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல போட்ட நெறிமுறை விதிப்படி அஞ்சு வருஷத்துக்கு 30 மணி நேரம். வருஷத்துக்கு ஆறு மணி. ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்புற நேரம்! 2020-ல அந்தக் கவுன்சிலே போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. ஆணையம் 2023 ஆகஸ்டுல கொண்டுவந்த புது விதிகளை அதே மாசமே நிறுத்தி வச்சுட்டு, பழைய விதிக்கே திரும்பிட்டாங்க.

மணிக்கணக்கு கிடக்கட்டும், அந்த நேரத்துல என்ன கத்துக்கிறாங்க? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். கொசுவர்த்தியைச் சுத்திக்கங்க.

நம்ம பக்கம் முதுகெலும்பு வைத்தியம்னா ரொம்பக் காலம் காசநோய் வைத்தியம்தான். முதுகெலும்பு அரிச்சு, கூன் விழுந்து, கால் செயலிழந்து போறதை 1779-லேயே லண்டன்ல பெர்சிவல் பாட் எழுதி வச்சுட்டார். வைத்தியம்னு பாத்தா மாவுக்கட்டுப் படுக்கையில மாசக்கணக்கா மல்லாக்கப் படுக்க வைக்கிறதுதான். 1956-ல ஹாங்காங்ல ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும், முன்பக்கமாத் திறந்து, அரிச்ச எலும்பைச் சுரண்டி எடுத்துட்டு வேற எலும்பை ஒட்டு வைக்கிற ஆபரேஷனை எழுதினாங்க. 'ஹாங்காங் ஆபரேஷன்'னு அது உலகம் பூரா பரவுச்சு.

அதே 1956-லதான் சென்னை சேத்துப்பட்டுல காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்குனாங்க. நுரையீரல் காசநோய்க்காரங்களை சானடோரியத்துல படுக்க வைக்காம, வீட்ல வச்சு மாத்திரை குடுத்தாலும் அதே அளவு குணமாகுதுன்னு 1959-ல உலகத்துக்கே காட்டினது இந்த இடம்தான். பின்னால அதே கேள்வியை முதுகெலும்புக்கும் கேட்டாங்க. நோயாளிகளைக் குலுக்கல் முறையில மூணு பிரிவாப் பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு ஹாங்காங் ஆபரேஷனும் ஆறு மாச மாத்திரையும். மத்த ரெண்டு பிரிவுக்கும் ஆபரேஷன் இல்ல, படுக்கையும் இல்ல. நடமாடிக்கிட்டே ஆறு மாசம் அல்லது ஒம்பது மாசம் மாத்திரை மட்டும். அப்புறம் அவங்களைப் பத்து வருஷம் விடாமத் தொடர்ந்து பாத்தாங்க. (பத்து வருஷம்! எனக்குப் போன வருஷம் போட்ட பதிவே மறந்து போச்சு.) 1999-ல முடிவு அச்சுல வந்தது. நல்லா இருந்தவங்க, ஆபரேஷன் பிரிவுல 90 சதவீதம். ஆறு மாச மாத்திரையில 94. ஒம்பது மாச மாத்திரையில 99.

கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. அந்தப் பெரிய ஆபரேஷனை வருஷக்கணக்கா உயிரைக் குடுத்துக் கத்துக்கிட்ட ஒரு சர்ஜன் கிட்டப் போய், பெரும்பாலானவங்களுக்கு அது தேவையே இல்லன்னு சொல்லணும். கத்தி பிடிக்கக் கத்துக்குடுக்கிறதை விட, கத்தியைக் கீழ வைக்கக் கத்துக்குடுக்கிறது கஷ்டம்னு எனக்குத் தோணுது.

ஆனா அந்த ஆய்வுலயே ஒரு ஓட்டையும் தெரிஞ்சது. 15 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க, ஆரம்பத்துலயே 30 டிகிரிக்கு மேல கூன் இருந்தா, மாத்திரையில நோய் போனாலும் கூன் கூடிக்கிட்டே போச்சு. எந்தப் பிள்ளைக்குக் கூடும்னு முன்கூட்டியே எப்படிச் சொல்றது? சென்னையில டி.கே. சண்முகசுந்தரமும் எஸ். ராஜசேகரனும் 1987-ல ஒரு கணக்கு எழுதினாங்க. ஆரம்ப எக்ஸ்ரேயில எலும்பு எவ்வளவு உயரம் குறைஞ்சிருக்குன்னு அளந்தா, கடைசியில கூன் எத்தனை டிகிரியில நிக்கும்னு கிட்டத்தட்டச் சொல்லிடலாம். 2001-ல ராஜசேகரன், 15 வருஷம் தொடர்ந்து பாத்த பிள்ளைங்களை வச்சு, எக்ஸ்ரேயில நாலு அபாய அறிகுறிகளைச் சொன்னார். அதுல ரெண்டுக்கு மேல தெரிஞ்சா காத்திருக்கக் கூடாது, ஆபரேஷன்தான். இப்போ கோர்ஸ்ல இந்த நாலும் பாடம். வேண்டாம்னு ஒரு தடவை, இவங்களுக்கு மட்டும் வேணும்னு இன்னொரு தடவை, ஆக ரெண்டு தடவை பாடம் மாறியிருக்கு.

கைவேலை கோர்ஸ் இன்னொரு கதை. 1958-ல சுவிட்சர்லாந்துல மாரிஸ் முல்லரும் கூட்டாளிகளுமா 13 சர்ஜன்கள் சேர்ந்து ஏஓ-ன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. 1960 டிசம்பர்ல டாவோஸ்ல முதல் கோர்ஸ். பெரிய பெரிய டாக்டருங்க, தச்சுப்பட்டறை மாதிரி மேஜையில எலும்பை வச்சு டிரில் போட்டு ஸ்க்ரூ முடுக்கிப் பழகுனாங்க. 2003-ல முதுகெலும்புக்குன்னே தனிப் பிரிவு வந்தது.

எதுக்கு இவ்வளவு பழகணும்? ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் பின்னாடி ரெண்டு குறுகலான எலும்புத் தூண் இருக்கு. ஸ்க்ரூ அதுக்குள்ளதான் போகணும். நெஞ்சுப் பகுதியில அந்தத் தூணோட அகலம் சில மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டினா தண்டுவடம். கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரியில ராஜசேகரன் குழு 2007-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வளைஞ்ச முதுகுல, தேர்ந்த கைகள் போட்ட ஸ்க்ரூவுலயே 23 சதவீதம் எலும்புச் சுவரைத் தாண்டியிருந்தது. கம்ப்யூட்டர் வழிகாட்டிப் போட்டது 2 சதவீதம். தாண்டினதெல்லாம் ஊனத்துல முடியாதுதான். ஆனா, தங்கள் கையே நாலுல ஒண்ணுக்குக் கிட்ட தப்புதுன்னு தாங்களே எண்ணி அச்சுல போட்டாங்க பாருங்க, அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட். இன்னைக்கு வெளிநாட்டு சர்ஜன்கள் ஃபெல்லோஷிப்னு அங்க வந்து கத்துக்கிறாங்க.

இதுல எனக்கு ஒரு உறுத்தலும் உண்டு. இந்த மாதிரி கோர்ஸ், மாநாடுகளுக்குப் பொதுவாவே கருவி விக்கிற கம்பெனிகள் பணம் வரும். ஸ்க்ரூ விக்கிறவன் காசுல நடக்கிற வகுப்புல 'ஸ்க்ரூ வேண்டாம்'னு எத்தனை பேர் சொல்லுவாங்க? கம்பெனிக்காரங்க கிட்ட பரிசும் பயணச் செலவும் டாக்டருங்க வாங்கக் கூடாதுன்னு 2009 டிசம்பர்ல விதி வந்தது. விதி என்னமோ நல்ல விதிதான்...

சித்தப்பா விஷயத்துக்கு வர்றேன். டாக்டர் கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவர் ஸ்க்ரூவைப் பத்திப் பேசல. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வச்சாங்களா?"ன்னு கேட்டார்.

அது புதுப் பாடமும் இல்ல. 1944-ல இங்கிலாந்துல ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரியில லுட்விக் குட்மன் நடைமுறைப்படுத்தினது. ராத்திரி பகலா ரெண்டு மணிக்கு ஒரு தடவை திருப்புறது, சிறுநீர் வழியைப் பாத்துக்கிறது. அதுவரைக்கும் சாகத்தான் போறாங்கன்னு விட்டுட்ட நோயாளிகள் அதுல பிழைச்சாங்க. நம்ம வேலூர்லயே மேரி வர்கீஸ் இருந்தாங்க. சி.எம்.சி-யில இளம் டாக்டரா இருந்தப்போ, 1954-ல கார் விபத்துல தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழ செயலிழந்தவங்க. சக்கர நாற்காலியில உக்காந்து பால் பிராண்ட் கிட்ட தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் பண்ணக் கத்துக்கிட்டாங்க. அப்புறம் நியூயார்க் போய் ஹோவர்ட் ரஸ்க் கிட்ட மறுவாழ்வு மருத்துவம்னு முதல்ல இருந்து படிச்சாங்க. 1966-ல வேலூர்ல மறுவாழ்வு நிலையம் திறந்தாச்சு. தொடர் கல்விக்கு இதை விட ஒரு ஆள் எனக்குத் தெரியல.

1966-க்கும் 1989-க்கும் நடுவுல 23 வருஷம். இதே தமிழ்நாடு. அந்த ரெண்டு மணி நேரக் கணக்கு எங்க சித்தி காதுக்கு வந்து சேரவே இல்ல.

டாக்டர் இன்னொண்ணும் சொன்னார். தண்டுவடம் அடிபட்டா எட்டு மணி நேரத்துக்குள்ள பெரிய அளவுல ஸ்டீராய்டு ஊசின்னு 1990-ல ஒரு அமெரிக்க ஆய்வு வந்து, உலகமே போட்டுச்சு. அவரும் போட்டிருக்கார். 2013-ல அமெரிக்க நரம்பியல் சர்ஜன்கள் சங்கங்களோட வழிகாட்டியிலயே போடாதீங்கன்னு வந்துட்டு. "அந்த ஊசி போட்டவங்க முகமெல்லாம் ஞாபகம் வருது சார்"னு சொல்லிட்டு ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தார்.

கடைசியா, அப்பா தூக்கினதாலதான் அப்படி ஆச்சான்னு கேட்டேன். "விழுந்த நொடியிலயே ஆகியிருக்கலாம். இனி யாராலயும் சொல்ல முடியாது"ன்னார். அப்புறம் தூக்குற முறையை ரயில் தலையணையை வச்சே காமிச்சார். தலை கழுத்தை ஒருத்தர் பிடிக்கணும், அவர் சொல்ற எண்ணிக்கைக்குத் தோள், இடுப்பு, கால்னு மத்தவங்க மரக்கட்டையை உருட்டுற மாதிரி ஒண்ணாத் திருப்பணும். பலகையில ஏத்தணும், உக்கார வைக்கவே கூடாது.

வீட்டுக்கு வந்து அப்பா கிட்ட அப்படியே செஞ்சு காமிச்சேன். முற்றத்துல உக்காந்து கவனமாப் பாத்தார்.

"அப்போ மொத்தம் நாலு பேரு வேணும்?"

"ஆமாப்பா, கொறஞ்சது நாலு."

"அன்னைக்கு நாங்க ரெண்டு பேருதாம்லே இருந்தோம்"னு சொல்லிட்டு எழுந்து உள்ள போயிட்டார்.