கல்லில் நின்ற காளி

பெங்களூர்க் கஸ்தூர்பா சாலையிலுள்ள அரசாங்கப் பொருட்காட்சி சாலையில், மண்டியா ஜில்லா ஆதகூரிலிருந்து கொணர்ந்த 10-ஆம் நூற்றாண்டு வீரக்கல் ஒன்று இருக்கிறது. தக்கோலப் போரில் இராஜாதித்த சோழன் பட்ட செய்தியைச் சொல்லும் அந்தச் சாசனமே, மணலேரன் என்னும் வீரன் தன் பராக்கிரமத்துக்குச் சன்மானமாகக் காளி என்ற வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றதையும், அந்நாய் பின்பு ஒரு பெருங்காட்டுப் பன்றியோடு பொருது அதனுடனேயே மடிந்ததையும், சோழ இளவரசனின் மரணத்துக்குக் கொடுத்த அதே கௌரவத்தோடு உரைக்கிறது.

அதன் முன் நிற்கும்போதெல்லாம், கல் நாட்டத் தகுந்த வேறு சில நாய்கள் என் நினைவுக்கு வருகின்றன. தாய் சுமந்து பெரும்பாலும் ஆண்மக்களிடமே வெளிப்படும் ஹீமோஃபீலியா என்னும் இரத்தம் உறையா நோய், ஐரிஷ் செட்டர் என்னும் செந்நிற வேட்டைநாய்களின் ஒரு வம்சத்திலும் இருக்கக் கண்டு, அவ்வம்சத்தை அமெரிக்காவின் சேப்பல் ஹில் சர்வகலாசாலையில் கென்னத் பிரிங்கஸ் என்னும் வைத்திய நிபுணர் 1947 முதல் பேணி வளர்த்தார். காயமின்றியே மூட்டுக்குள் குருதி கசிந்து, கால் வீங்கி நொண்டும் அந்த ஜீவன்களுக்கு, ஆரோக்கியமான நாயின் பிளாஸ்மாவை ஏற்றினால் கசிவு நின்றது. இரத்தம் உறையத் தேவையான எட்டாம் உறைகாரணியின் மரபணுவில் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பிக் கிடப்பதே, அக்காரணி குறைந்து கடும் நோயுற்ற மனிதரில் ஏறக்குறையப் பாதிப்பேரின் வியாதிக்கு மூலம். அதே பிறழ்ச்சிதான் அந்நாய்களின் உதிரத்திலும் இருந்ததென்று 2002-இல் தெரியவந்தபோது, இரு ஜாதிகளின் துன்பமும் ஒன்றே என்பது சாஸ்திர ரீதியாகவே ஸ்தாபிதமாயிற்று.

இந்நோயின் மற்றொரு வகையாக, ஒன்பதாம் உறைகாரணி குறைந்த நாய்களுக்கு 1993-இலேயே மரபணு சிகிச்சை நடந்தது, 1999-இல் ஏ.ஏ.வி. என்னும் வைரஸின் வாயிலாக அது நெடுங்காலப் பயன் தந்தது. எட்டாம் காரணிக்கான சிகிச்சை பெற்ற ஒன்பது நாய்களைப் பத்தாண்டுவரை கவனித்த ஆராய்ச்சி 2021-இல் வெளியாகி, பயன் நீடிப்பதைக் காட்டியதோடு, புகுத்திய மரபணு சில கல்லீரல் அணுக்களைப் பெருகச் செய்வதையும் மறைக்காமல் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையையும் நாய்களே தந்தன.

தக்கோலம் இருந்த அதே பழைய வடாற்காட்டு ஜில்லாவின் வேலூரில், பெங்களூர் இன்ஸ்டெம் நிறுவனத்தின் அங்கமாகக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இயங்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம், டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவாவின் தலைமையில், எமரி சர்வகலாசாலையோடு சேர்ந்து வேறொரு மார்க்கத்தைக் கைக்கொண்டது. நோயாளியின் சொந்த இரத்த மூல அணுக்களை வெளியே எடுத்து, மனிதக் கூறும் பன்றிக் கூறும் விரவிய எட்டாம் காரணி மரபணுவை லென்டிவைரஸ் கொண்டு அவற்றில் பதித்து, மீண்டும் அவர் உடலிலேயே ஏற்றினார்கள். 2024 டிசம்பரில் வெளியான முடிவின்படி, அவ்வாறு சிகிச்சை பெற்ற ஐவருக்கும், கவனிப்புக் காலம் முழுவதும் ஒருமுறையேனும் இரத்தக் கசிவு நேரவில்லை.