டிறெக்சன் தீவின் தந்தி நிலையம்

இந்து சமுத்திரத்தின் நடுவே, எந்நாட்டுக் கரைக்கும் பன்னெடுந்தூரத்தில், கொக்கோசு என்னும் பவளத்தீவுக் கூட்டம் கிடக்கின்றது. தென்னையன்றிப் பிற வளம் அரிதாகிய அத்தீவுகளுள் ஒன்று டிறெக்சன் தீவு. ஆபிரிக்காவையும் அவுத்திரேலியாவையும் இணைத்த கடலடித் தந்திவடம் 1901ஆம் ஆண்டு ஈண்டுக் கரையேறியது. நெடுவடத்திற் செல்லும் மின்குறி தூரம் மிக மிக நலிந்து தெளிவிழக்கும். ஆதலின் அதனை இடையே பெற்று மீளச் செலுத்த ஓரிடம் வேண்டியிருந்தது. பின்னர்ப் பத்தாவியாவுக்கும் ஒரு வடம் சென்றது. இங்ஙனம், ஒரு சிலரே பணிசெய்த சிற்றலுவலகம் உலகப் பெருவலையின் முடிச்சுகளுள் ஒன்றாயிற்று.

அம்முடிச்சை அறுத்துவிட எண்ணியவன் யேர்மனியக் கப்பலாகிய எம்டனின் தலைவன் கார்ல் வொன் முல்லர். 1914 செப்டெம்பர் 22ஆம் நாள் இரவிற் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளை எரித்த கப்பல் அதுவே. (தமிழ் வழக்கில் வல்லாளனை ‘எம்டன்’ எனக் கூறுதல் அன்று தொடங்கியதாம்.) நவம்பர் 9ஆம் நாட் காலை அது டிறெக்சன் தீவை அணுகி, ஐம்பதின்மர் கொண்ட படையொன்றைக் கரையிறக்கியது.

தனித்த நிலையம், காவற்படையோ கோட்டையோ இல்லை. கைப்பற்றுதல் எளிதென்றே எவரும் கருதுவர். ஆயின் கரையில் இருந்தோர் அயற்கப்பலைக் கண்ட அக்கணமே கம்பியில்லாத் தந்தி வாயிலாக அபாயக்குறி விடுத்தனர். எம்டன் இரைச்சலெழுப்பிக் குறியைக் குழப்ப முயன்றும் பயனில்லை. கொழும்பு நோக்கிப் படைவீரரை ஏற்றிச் சென்ற கப்பற்றொகுதி ஏறத்தாழ 50 கடல்மைல் தொலைவில் இருந்தது. அதனின்றும் பிரிந்து ‘சிட்னி’ என்னும் போர்க்கப்பல் விரைந்தது.

கரையிறங்கியோர் கருவிகளை நொறுக்கினர், கம்பத்தை வீழ்த்தினர். அது தெனிசு ஆடுகளத்தின்மேல் விழாதவாறு பார்க்கும்படி ஊழியர் வேண்ட, பகைவர் இணங்கினர் என்பர். வடங்களைத் தேடி அறுத்தபோது பேர்த்து வடம் துண்டாயிற்று. அவர்கள் அறுத்த மற்றொன்றோ கண்ணை ஏமாற்ற இடப்பட்ட போலிவடம்! மேலதிகக் கருவிகளை ஊழியர் முன்னரே மறைத்து வைத்திருந்தனராதலின், தொடர்பு விரைவில் மீண்டது.

எம்டன் அன்றே சிட்னியின் பீரங்கிகளால் சிதைந்து வட கீலிங் தீவிற் கரைதட்டியது. கரையில் விடப்பட்ட படையினர் ‘ஆயிசா’ என்னும் பழைய பாய்க்கப்பலிலேறித் தப்பினர். சிறைப்பட்டோரைச் சிட்னி கொழும்புக்குக் கொணர்ந்தது.

கம்பியறுந்தால் நிலையம் ஊமையாகும் என்பது முல்லரின் கணிப்பு. அறுபடுமுன் கிடைத்த சில நிமிடங்களை அவன் எண்ணிலனென்க. 1942 மார்ச்சில் யப்பானியர் அத்தீவைப் பீரங்கியால் தாக்கியபோது உத்தி தலைகீழாயிற்று. நிலையம் அழிந்துவிட்டதென்று வெளிப்படையாகவே அறிவித்துவிட்டு, ஊழியர் ஓசையின்றிப் பணியைத் தொடர்ந்தனர். அந்நிலையம் 1966இல் மூடப்பட்டது.