வேட்டி மடிப்புக்குள் ஒரு டியூப்

1981-ல் ஒரு ராத்திரி அப்பாவுக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. சொட்டுகூட இறங்காமல், கொல்லைக்கும் திண்ணைக்குமாக விடியும்வரை நடந்தார். காலையில் ஆஸ்பத்திரியில் டியூப் போட்டார்கள். அதன் பையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு மூன்று வாரம் வாசல் பக்கமே வரவில்லை. பிறகு ஆபரேஷன்.

புராஸ்டேட் என்றால் அன்றைக்கு ஒரே கணக்குதான்: சதை வளர்ந்து வழியை அடைக்கிறது, எடுத்துவிடு. இந்திய மருத்துவப் பணியில் இருந்துவிட்டு லண்டன் திரும்பிய பீட்டர் ஃபிரையர், 1900-ல் அடிவயிற்றைத் திறந்து சிறுநீர்ப்பை வழியாகச் சுரப்பியை விரலால் தோண்டி எடுத்தார். பின்னால் உள்ளே குழாய் விட்டுச் சுரண்டும் முறை வந்தது. ஆயுதம் மாறியது, கணக்கு மாறவில்லை.

அப்பா டியூப்போடு படுத்திருந்தபோது, ஜெருசலேமில் அந்தக் கணக்கைத் திருத்தி ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. மருந்துக்கடை வைத்த பிறகு அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. ஹடாசா மருத்துவமனையில் மார்கோ கெய்னும் கூட்டாளிகளும் மனிதப் புராஸ்டேட்டிலிருந்தும் அதன் மேலுறையிலிருந்தும் சின்னக் கீற்றுகளை எடுத்து, கரைசலில் வைத்துச் சோதித்தார்கள். நார்அட்ரினலின் பட்டதும் கீற்று சுருங்கியது. ஆல்ஃபா ஏற்பிகளை மறிக்கும் மருந்தைச் சேர்த்தால் அந்தச் சுருக்கம் அடங்கியது. ஆக, வளர்ந்த சதை மட்டும் வழியை அடைக்கவில்லை. அதற்குள் இருக்கும் தசை கையை மூடுவதுபோல இறுகிக்கொள்வதும் பாதிக் காரணம். இறுக்கத்தைக் கத்தி இல்லாமலே தளர்த்தலாம். 1975-ல் அந்தச் சோதனை வெளியானது. அடுத்த வருஷமே பினாக்ஸிபென்ஸமைன் என்ற மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தையும் எழுதினார்கள்.

இதற்கு விதை போட்டவர் அமெரிக்காவில் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியின் ரேமண்ட் ஆல்க்விஸ்ட். ஒரே அட்ரினலின் ஓரிடத்தில் இறுக்குகிறது, இன்னோரிடத்தில் தளர்த்துகிறது. ஏற்பிகள் இரண்டு வகை, ஆல்ஃபா, பீட்டா என்று 1948-ல் அவர் சொன்னார்.

இதைப் படித்த அன்றுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. அடைப்பு வந்த அன்று சாயங்காலம் அப்பா ஜலதோஷத்துக்கு ஒரு மாத்திரை போட்டிருந்தார். மூக்கடைப்பை நீக்கும் பல மருந்துகள் அதே ஆல்ஃபா ஏற்பிகளைத் தூண்டுபவை. மூக்கில் ரத்தக் குழாயைச் சுருக்குவதுபோலக் கீழே தசையையும் இறுக்கிவிடும். எனக்கு இன்றும் அந்த மாத்திரை மேல்தான் சந்தேகம். வயசானவர் யார் ஜலதோஷ மாத்திரை கேட்டாலும், "ஐயா, ஒண்ணுக்குச் சிரமமில்லாமப் போகுதுங்களா?" என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை.

பினாக்ஸிபென்ஸமைன் நிலைக்கவில்லை. தலைசுற்றல், அசதி; விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கும் என்ற அச்சம் வேறு. அடுத்து ரத்த அழுத்தத்துக்கென்று வந்த பிரசோசின். முதல் மாத்திரை போட்டுவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். அட்டையின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் "படுக்கும்போது மட்டும்" என்று எழுதியே கை பழகிவிட்டது. டெராசோசினுக்கு 1993-ல் அமெரிக்கா புராஸ்டேட் வீக்கத்துக்கென்றே அனுமதி தந்தது. அதே வருஷம் ஜப்பானில் டாம்சுலோசின் விற்பனைக்கு வந்தது. ஆல்ஃபா ஏற்பிகளிலும் உட்பிரிவு உண்டு; புராஸ்டேட் தசையில் மிகுதியாக இருக்கும் வகையை இது குறிவைப்பதால் ரத்த அழுத்தத்தை அவ்வளவாக இறக்காது. கேப்ஸ்யூலைப் பிரித்தால் கடுகுபோல உருண்டைகள். மெல்ல மெல்லக் கரைவதற்காக அப்படி. மென்று தின்னக்கூடாது.

"மூணு மாசமா சாப்பிடறேன், ஸ்கேன்ல சைஸ் கொறையலையே தம்பி" என்று வந்து நிற்பவர்கள் உண்டு. குறையாது. சதையைச் சுருக்க ஃபினாஸ்டரைடு போன்ற வேறு மருந்து, அதற்கு மாதக்கணக்காகும். டாம்சுலோசின் இறுக்கத்தைத்தான் தளர்த்துகிறது. அதனால்தான் சில நாளிலேயே ராத்திரி எழுந்திருப்பது குறைகிறது.

2005-ல் கலிபோர்னியாவிலிருந்து டேவிட் சாங், ஜான் கேம்பெல் என்ற கண் மருத்துவர்கள் ஒரு எச்சரிக்கை எழுதினார்கள். டாம்சுலோசின் சாப்பிடுபவர்களுக்குப் புரை எடுக்கும்போது கருவிழித் திரை துவண்டு, கத்தி வைத்த வாய் வழியே பிதுங்குகிறது. கண்பாவையை விரிக்கும் தசையிலும் அதே ஏற்பிதான். மாத்திரையை நிறுத்தினாலும் இது முழுக்க மாறாது. மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் அதற்குத் தயாராக இருப்பார். எழுபது வயசுக்காரர் சீட்டை நீட்டியதும் நான் அவர் கண்ணைத்தான் பார்க்கிறேன். பாவையில் வெள்ளை படர்ந்திருந்தால், மாத்திரையின் பெயரைத் தமிழில் கொட்டை எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கண்ணாடிக் கூட்டுக்குள் செருகிக் கொடுத்துவிடுகிறேன்.