வில்லிவாக்கம் பெற்ற அவப்பெயர்

அம்பத்தூரிலிருந்து சென்னை செல்லும் ரயில் பாதையிலுள்ள வில்லிவாக்கத்திற்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்ற அவப்பெயர் ஏற்பட்டது. அதன் வரலாற்றைக் கூறுவேன்.

சிறுநீரகம் நாளடைவில் பழுதுற்றுச் செயலிழந்தால் முன்னாளில் மரணமே முடிவு. 1943-இல் ஹாலந்து தேசத்து மருத்துவர் கோல்ஃப் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தை நோயாளிக்குப் பயன்படுத்தினார். 1954-இல் பாஸ்டனில் இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகம் மற்றவருக்குப் பொருத்தப்பட்டது. 1971-இல் அவ்விந்தை நம் வேலூரிலும் நிகழ்ந்தது.

விந்தையின் பின்னே வியாபாரமும் வந்தது! வில்லிவாக்கத்துக் குடிசைகளில் கடன்பட்ட ஏழைகள், அவர்களுள்ளும் பெண்கள், தம் சிறுநீரகத்தை விற்றனர். 1994-இல் இயற்றப்பட்ட சட்டம் இதனைக் குற்றமாக்கியது. 2001-இல் சென்னையில் அவ்வாறு விற்ற 305 பேரிடம் விசாரித்தார்கள். நூற்றுக்கு 96 பேர் கடனடைக்க விற்றவர்கள். அவர்களுள் முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனாளிகளே. குடும்ப வருமானமோ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இந்நோய் ஓசையின்றி வருவது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இதன் பெருங்காரணங்கள். ஆகவே டாக்டர் எம். கே. மணி, சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களை வீடுதோறும் அனுப்பினார். அவர்கள் இரத்த அழுத்தத்தை அளந்தனர். நோய் கண்டவர்க்கு விலை மலிந்த மருந்துகளே அளிக்கப்பட்டன. சிறுநீர்ச் சோதனையும் எளியதே: குழாயிலுள்ள சிறுநீரில் சில துளி அமிலம் விடுவார்கள், புரதம் கசிந்திருந்தால் அது கலங்கி வெளுக்கும்.