சம்பளத்தில் பிடித்தம்

"வாத்தியாரே, இவ்வளவு பிடித்திருக்கிறார்களே!" என்று சம்பளச் சீட்டுடன் பெற்றோர் நம்மிடம் வருவதுண்டு.

பிடித்தம் என்றாலே நம்மவர்க்குப் பழைய கசப்பு. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கூலியில் கப்பல் செலவும் முன்பணமும் கழிக்கப்பட்டன. கணக்குப் புத்தகமோ துரையிடம். கடன் என்று தீருமென உழைத்தவருக்குத் தெரியாது. அம்முறை 1910இல் ஒழிந்தது.

பின்னர் வந்தவை வேறு. 1951இல் சட்டமான ஊழியர் சேமநிதிக்குத் தொடக்கத்தில் தொழிலாளி நூற்றுக்கு 5, முதலாளி 5 செலுத்தினர். அது வரியன்று, நம் பெயரில் சேரும் பணம். 1971இல் தொடங்கிய சொக்சோ விபத்துக் காலத்துக்கு.

வருமான வரி மலாயாவில் 1948இலேயே வந்துவிட்டது. மாதந்தோறும் முதலாளியே அதைப் பிடித்துக் கட்டும் முறை 1995இல்தான் வந்தது. குறைந்த சம்பளக்காரருக்கு அது இல்லை. டவுனில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலருக்கு உண்டு. ஆண்டு முழுதும் அதே சம்பளம் வருமென்று எண்ணியே பிடிக்கிறார்கள். நடுவில் வேலை நின்றால் கூடுதலாகப் போயிருக்கும். வருமானக் கணக்கைச் சமர்ப்பித்தால்தான் திரும்பும்.

நமக்குத் தெரிந்த பையன் ஒருவன் ஆறு மாதத்தில் வேலையை இழந்தான். சம்பளச் சீட்டுகளைத் தூக்கியெறிந்தான். தாயார் பொறுக்கி அரிசி டின்னில் வைத்திருந்தார். அவற்றைக் கொண்டே அவனுடன் உட்கார்ந்து கணக்கெழுதினோம். பிடித்த பணம் திரும்பி வந்தது.